செங்கல் சூளை மண்ணில் ஒரு கீரைப் பாத்தி

கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் மண் கீரைக்கு ஏற்ற மண் அல்ல, செங்கல்லுக்கு ஏற்ற மண். 1881 ஜனவரியில் கோலாலம்பூர் தீப்பிடித்து எரிந்தது. அந்த ஆண்டின் கடைசியில் வெள்ளம் வந்து மிச்சத்தையும் கொண்டுபோனது. மரமும் அத்தாப்பும் இனி வேண்டாம், செங்கல்லும் ஓடும் வைத்துக் கட்டுங்கள் என்று ஆங்கிலேய ரெசிடென்ட் ஸ்வெட்டன்ஹாம் ஆணை போட, சீன வணிகர் யாப் குவான் செங் இந்தப் பக்கத்துக் களிமண்ணைத் தோண்டிச் சூளை வைத்தார். சூளைகளைத் தொடர்ந்து தண்டவாளம் வந்தது, பணிமனை வந்தது, வேலைக்குத் தமிழாட்கள் வந்தார்கள், அவர்கள் குடியிருக்க வரிசை வரிசையாகக் குவார்ட்டர்ஸ் எழும்பியது. தாத்தா ரயில்வேயில் பாயிண்ட்ஸ்மேன். அப்படித்தான் அந்தச் சூளை மண்ணில் ஒரு துண்டு எங்கள் வீட்டுப் பின்கட்டாக வாய்த்தது.

மழை பெய்தால் அந்தக் களி செருப்பைப் பிடுங்கிக்கொள்ளும். நாலு நாள் வெயில் அடித்தால் பாளம் பாளமாக வெடிக்கும். மண்வெட்டியை ஓங்கிப் போட்டால் ணங்கென்று திரும்பி வரும். பக்கத்து வீடுகளில் பின்கட்டு என்பது துணி காயப்போடும் இடம், சைக்கிள் நிறுத்தும் இடம். எங்கள் வீட்டில் மட்டும் வேலியோரம் அகத்தியும் முருங்கையும், சாக்கடையோரம் வாழையும், நடுவில் சிறுகீரையும் பொன்னாங்கண்ணியும், குளியலறைத் தண்ணீர் வடியும் இடத்தில் வல்லாரையும் அடர்ந்து கிடக்கும். அது அப்பாயியின் ராஜ்ஜியம். தாத்தாகூட அங்கே காலைப் பார்த்துத்தான் வைக்க வேண்டும். பாத்தியை மிதித்துவிட்டால், "கட்டுன மண்ண மிதிக்கிறீங்களே" என்று அடுக்களையிலிருந்தே குரல் வரும்.

"கட்டுன மண்ணு" என்று அப்பாயி சும்மா சொல்லவில்லை. ஜப்பான்காரன் காலத்தில் அரிசிக்கு வழியில்லாமல் பின்கட்டு முழுக்க மரவள்ளி போட்டார்களாம். கிழங்கு உயிரைக் காப்பாற்றியது உண்மை. ஆனால் மண்ணில் இருந்த கொஞ்சநஞ்சச் சத்தையும், குறிப்பாகச் சாம்பல் சத்தை, அது உறிஞ்சிக்கொண்டு போய்விட்டது. போர் முடிந்து கீரை விதைத்தால் விரல் நீளம் வந்து வெளிறிப்போகும். அன்றிலிருந்துதான் அப்பாயி மண்ணைக் கட்டத் தொடங்கினார். நான் பார்க்கும்போது அந்த வேலை ஒரு தலைமுறையைத் தாண்டியிருந்தது. பாத்தியில் கையை விட்டால் மணிக்கட்டுவரை இறங்கும். மேலே கறுத்துப் பொலபொலவென்று இருக்கும், அதற்குக் கீழே பழைய செங்கல் களி மஞ்சளும் சிவப்புமாகத் தெரியும்.

அப்பாயிக்குச் சொந்த ஊர் துறையூர்ப் பக்கம், மானாவாரிப் பூமி. அறுவடை முடிந்ததும் ஆட்டுக்கிடை போட்டு வயலுக்குச் சத்து ஏற்றுவதைப் பார்த்து வளர்ந்தவர். இங்கே ஆட்டுக்கும் வழியில்லை, வயலுக்கும் வழியில்லை. அதைவிடப் பெரிய வித்தியாசம் மழை. "ஊருல மழைக்கு ஏங்குனோம், இங்க மழைக்குப் பயப்படணும் சாமி" என்பார். அதை அறிவியலாகப் புரிந்துகொள்ள எனக்கு வெகுகாலம் பிடித்தது. கோலாலம்பூரில் ஆண்டுக்குச் சுமார் 2,500 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. பெரும்பாலும் பிற்பகல் இடிமழை, கொட்டித் தீர்த்துவிட்டுப் போகும். வெற்று மண்மீது அது விழுந்தால் மேல்மண் சாக்கடைக்குப் போகும், சத்து வேருக்கு எட்டாத ஆழத்துக்கு இறங்கும். ஆண்டு முழுக்கச் சூடு இருப்பதால் இலைதழையும் வேகமாக மக்கித் தீர்ந்துவிடும். நம்மைச் சுற்றி இவ்வளவு பசுமை இருக்கிறதே, மண் கொழுத்த மண்ணாகத்தான் இருக்கும் என்று வெளியூரிலிருந்து வருகிறவர்கள் நினைப்பார்கள். இந்த நாட்டில் சத்தெல்லாம் மரத்திலும் தழையிலும்தான் நிற்கிறது, மண்ணில் தங்குவது குறைவு. அதனால் ஒருமுறை எருப்போட்டு ஓய முடியாது, போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அப்பாயிக்கு இது கண்ணால் கண்ட நடைமுறை.

எருக்குழி வாழைக்குப் பின்னால் இருந்தது. அடியில் முருங்கைக் குச்சியும் தேங்காய் மட்டையும், காற்று நுழைவதற்கு. அதற்குமேல் காய்ந்த சருகு ஒரு சாண், பச்சைத் தழையும் காய்கறித் தோலும் அதில் பாதி, மேலே சாணிக் கரைசல், ஒரு கை அடுப்புச் சாம்பல், பழைய குழியிலிருந்து எடுத்த ஒரு கூடை மண். மறுபடி சருகு. சாம்பலில் அப்பாயி கறார். பால்மர விறகு எரித்த சாம்பல் மட்டுமே குழிக்குப் போகும். பணிமனைப் பக்கம் குவிந்து கிடந்த பழைய நிலக்கரிக் கசடை நடைபாதைக்குப் போடலாம், செடிக்கு ஆகாது என்பார்.

குழி வேலை செய்கிறதா என்று பார்க்க அப்பாயியிடம் ஒரு கருவி இருந்தது. தாத்தா எங்கிருந்தோ கொண்டுவந்த ஒரு முழ நீள இரும்புக் கம்பி. அதைக் குவியலின் நடுவில் சொருகிவிட்டு, பாத்திரம் கழுவப் போவார். திரும்பி வந்து என்னைக் கூப்பிட்டு உருவச் சொல்வார். பிடிக்க முடியாத சூடாக இருந்தால் நல்ல அறிகுறி. வெதுவெதுப்பாக இருந்தால் சாணிக் கரைசல் போதவில்லை. குளிர்ந்து ஈரமாக நாறினால் காற்று போகவில்லை, கிளறிவிட வேண்டும். மழைக்காலக் காலையில் குவியலிலிருந்து ஆவி கிளம்புவதைப் பார்க்கலாம். நன்றாக எழும்பிய குவியல் 60 பாகை செல்சியஸ்வரை போகும், களை விதையும் புழுவும் அதில் வெந்துபோகும். 1924 முதல் 1931 வரை இந்தூரில் வேளாண் அறிஞர் ஆல்பர்ட் ஹோவர்ட் இந்திய உழவர்களைப் பார்த்துக் கற்று முறைப்படுத்திய மக்கு எருவும் ஏறக்குறைய இதே அடுக்குதான்: தழை, சாணம், சாம்பல் கலந்த மண். அப்பாயிக்கு ஹோவர்டைத் தெரியாது. இருவருக்கும் வாத்தியார் ஒரே ஆட்கள்தான்.

சாணிக்கு மாடு வேண்டுமே? அப்போது பிரிக்பீல்ட்ஸில் சைக்கிளில் பால் ஊற்றுகிறவர்கள் இருந்தார்கள். எங்களுக்கு ஊற்றியவரின் கொட்டகை நடக்கும் தூரத்தில். அவருக்குக் கழுநீரும் வாழைத்தண்டும் அகத்திக் கீரையும் போகும், எங்களுக்குச் சாணி வரும். இதில் காசு கைமாறியதே இல்லை. தெருமுனைச் சலவைக்கடையில் இஸ்திரிப் பெட்டியிலிருந்து கொட்டும் கரித்தூளை ஒரு பிஸ்கட் டின்னில் சேர்த்து வைத்திருப்பார்கள், அதை எடுத்துவருவது என் வேலை. கரித்தூளை அப்படியே பாத்தியில் தூவக் கூடாது. முதலில் சாணிக் கரைசலில் ஊறப்போட வேண்டும். "வெறும் கரி பசியோட இருக்கும், செடியோட சோத்த அது தின்னுரும்" என்பார் அப்பாயி. இன்று இதைப் பயோசார் என்று மூட்டை கட்டி விற்கிறார்கள். மூட்டையின் மேலும் அதே அறிவுரைதான்: எருவோடு கலந்து ஊறவைத்துப் போடவும்.

சந்தையில் மீன் கழுவிய தண்ணீரும் குடலும் செதிலும் வாழைக்குப் போகும். ஒரு முழம் தோண்டிப் புதைத்தால்தான் பூனை கிளறாது. அறுத்த வாழைமரத்தை அப்பாயி வெளியே வீசவிட மாட்டார். நெடுக்காகப் பிளந்து, வெட்டுப்பக்கம் மண்ணில் படும்படி பாத்திகளுக்கு இடையே கிடத்துவார். சில வாரம் கழித்து அதைப் புரட்டினால் அடியில் மண்புழுக்கள் நெளியும். கோலாலம்பூர் எரிந்த அதே 1881இல்தான் சார்லஸ் டார்வின் மண்புழுக்களைப் பற்றிய தன் நூலை வெளியிட்டார். புழு மண்ணைத் தின்று கழித்து நிலத்தையே மேலும் கீழுமாகப் புரட்டுகிறது என்று எழுதினார். எங்கள் பின்கட்டில் அந்தப் புரட்டலைச் செய்தது மண்வெட்டியல்ல, வாழைமட்டைக்கடியில் குடியிருந்த இந்தப் புழுக்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் அப்பாயிக்கும் தெருவுக்கும் ஓயாத சண்டை. சாயங்காலமானால் வீட்டுக்கு வீடு வாசல் கூட்டி, சருகைக் குவித்து நெருப்பு வைப்பார்கள். கொசு போகும், பாம்பு வராது, வாசல் சுத்தமாக இருக்கும் என்பது அவர்கள் நியாயம். அப்பாயி கோணிப்பையோடு கிளம்பிவிடுவார். "எரிச்சா ஒரு பிடி சாம்பலு, மக்கவிட்டா ஒரு கூடை எரு. உனக்கு வேணாம்னா எனக்குக் குடு ஆத்தா" என்று குவியலோடு அள்ளி வருவார். குப்பைக்கார அப்பாயி என்று பிள்ளைகள் கேலி செய்தார்கள். கேலி செய்த வீடுகளிலிருந்துதான் பிள்ளை பெற்றவளுக்கு முருங்கைக் கீரை கேட்டு வருவார்கள். அப்பாயி இல்லை என்று சொன்னதில்லை. கீரை வாங்க வருகிறவர் ஒரு பை சருகு கொண்டுவர வேண்டும், அதுதான் ஏற்பாடு.

1971 ஜனவரித் தொடக்கத்தில் பெருவெள்ளம் வந்தது. கிள்ளான் ஆறு கரைபுரண்டு கோலாலம்பூர் முழுகியது. தண்ணீர் வடிந்த பிறகு பின்கட்டில் கணுக்கால் அளவு சேறு. எல்லாரும் தள்ளிக் கழுவிக்கொண்டிருக்க, அப்பாயி ஒரு சிட்டிகை எடுத்து விரலிடுக்கில் தேய்த்துப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார். நறநறவென்று ஈயலம்பத்து மணல், மேலே எண்ணெய் வாடை. கிண்டா பள்ளத்தாக்கைப் போலவே இங்கும் ஈயம் தோண்டிய இடங்களின் கழிவு மணல் ஆற்றோடு வந்து கொண்டிருந்த காலம் அது. அந்தச் சேற்றைக் கீரைப் பாத்தியிலிருந்து வழித்து எடுக்கச் சொன்னார். எடுக்க முடியாத இடங்களில் தட்டைப்பயறு விதைத்தார். கொடி ஓடித் தரையை மூடியது. பூ வைப்பதற்கு முன்பே அறுத்து அங்கேயே பரப்பினார். மறுபடி விதைத்தார், மறுபடி அறுத்துப் போட்டார். காய் பறிக்கலாமே என்று தாத்தா கேட்டதற்கு, "இது மண்ணுக்கு விதைச்சது" என்று முடித்துவிட்டார்.

மண்ணுக்காகவே விதைப்பது என்றால் என்னவென்று எனக்குக் கிள்ளானில்தான் விளங்கியது. பள்ளி விடுமுறைக்குப் பெரியப்பா வீட்டுக்குப் போவோம். ரயில்வேக் குடும்பம் என்பதால் ரயில்தான். கோலாலம்பூரையும் கிள்ளானையும் இணைத்து 1886இல் போட்ட பாதை. கிள்ளானில் இறங்கிக் காப்பார் சாலையில் பஸ் பிடித்தால் தோட்டம். பால்மரத்தை அழித்துச் செம்பனை நட்டுக்கொண்டிருந்தார்கள். கன்றுகளுக்கு இடையே ஒரு சாண் தரைகூடத் தெரியாமல் கொடி படர்ந்திருக்கும். நடந்தால் முழங்கால்வரை இழுக்கும். பெரியப்பா ஒரு கொடியை வேரோடு பிடுங்கி என் உள்ளங்கையில் வைத்தார். வேரில் மிளகு போல முடிச்சு முடிச்சாக ஒட்டியிருந்தது. "நகத்தால கிள்ளிப் பாருடா" என்றார். கிள்ளினேன். உள்ளே இளஞ்சிவப்பு, ரத்தம் தோய்ந்தது போல. "சிவப்பா இருந்தா வேல செய்யுது. வெள்ளையா இருந்தா இன்னும் தொடங்கல. பச்சையாயிட்டா முடிஞ்சு போச்சு." காற்றிலிருக்கும் தழைச்சத்தைப் பிடித்து வேருக்குக் கொடுக்கும் நுண்ணுயிர் அந்த முடிச்சுக்குள் குடியிருக்கிறது என்பதைப் பிறகு பாடத்தில் படித்தேன். ஊர் திரும்பியதும் அகத்திக் கன்று ஒன்றைப் பிடுங்கி, அதிலும் அதே முடிச்சைக் கண்டு அப்பாயியிடம் காட்டினேன். "அதுக்குத்தானே வேலியோரம் வச்சிருக்கேன்" என்றார்.

அந்த மூடுகொடிக்குப் பின்னே ஒரு கசப்பான வரலாறு உண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், புல்பூண்டு ஒன்றில்லாமல் சுரண்டி வைத்தால்தான் தோட்டம் சுத்தம் என்று துரைமார் நினைத்தார்கள். சுரண்டியது நம் ஆட்கள். சுரண்டிய மேட்டுநிலத்தில் மழை இறங்கி, காடு பல நூற்றாண்டுகளாகச் சேர்த்து வைத்த மேல்மண் ஓடையோடு போயிற்று. நட்டம் தெரிந்த பிறகுதான் மூடுபயிருக்கு மாறினார்கள். நான் பார்த்த காலத்திலும் இரண்டும் பக்கத்துப் பக்கத்திலேயே இருந்தன. வரிசைக்கு நடுவே கொடியும், வெட்டிய மட்டை அடுக்கும். மட்டை அடுக்கைத் தூக்கினால் எங்கள் வாழைமரத்தடி மண் போலவே இருக்கும். ஆனால் மரத்தைச் சுற்றி மருந்தடித்த வட்டம் மொட்டையாக, பாசி பிடித்து இறுகிக் கிடக்கும். மருந்தடித்தவர்கள் பெண்கள், பெரியம்மாவும் அதில் ஒருவர். வீட்டுக்கு வந்து எத்தனை முறை கை கழுவினாலும் சோறு பிசையும்போது அந்த வாடை போகவில்லை என்பார். நகங்கள் கறுத்து உதிர்ந்தன. தோட்டங்களில் மருந்தடித்த பெண்களின் நிலையை 2002இல் தெனாகானித்தா அமைப்பு அறிக்கையாக வெளியிட்டது. களைக்கொல்லியான பாராகுவாட் மலேசியாவில் முற்றாகத் தடையானது 2020 ஜனவரியில்தான்.

மறுநடவுக்குப் பழைய மரங்களை வீழ்த்தி எரிப்பதும் அன்றைய வழக்கம். இரவில் காப்பார்ப் பக்கம் வானம் சிவந்து கிடக்கும். எரிக்காமல் மரத்தைச் சீவி அங்கேயே மக்கவிட்டு நடும் முறையை 1980களின் இறுதியில் கோல்டன் ஹோப் நிறுவனம் வளர்த்தெடுத்தது, அதற்காக 1992இல் ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் குளோபல் 500 விருதும் பெற்றது. 1997 புகைமூட்டத்துக்குப் பிறகு திறந்தவெளியில் எரிப்பதற்கு எதிரான சட்டமும் இறுகியது. கோணிப்பையோடு தெருத்தெருவாக அப்பாயி வாதாடியதும் இதற்காகத்தான்.

1974இல் துன் அப்துல் ரசாக் பச்சைப் புத்தகத் திட்டத்தைத் தொடங்கினார். விலைவாசி ஏறிக் கிடந்த நேரம், வீட்டுக்கு வீடு காய்கறி போடுங்கள் என்றது அரசாங்கம். குவார்ட்டர்ஸ் முழுக்க மண்வெட்டிச் சத்தம். பலர் யூரியா வாங்கிப் போட்டார்கள். முதல் விளைச்சல் செழிப்பாகத்தான் வந்தது. அடுத்தடுத்து விதைத்தபோது மண் இறுகிப் பழைய செங்கல் களியாகவே திரும்பிவிட்டது. "செடிக்கு மட்டும் சோறு போட்டா மண்ணு பட்டினி கெடக்கும்" என்று அப்பாயி சொன்னதை அப்போது சிலர் கேட்டார்கள். வேலிக்கு வேலி எருக்குழி வந்தது. எங்களுக்குச் சருகு கிடைப்பதே பிறகு பெரும்பாடாகிவிட்டது.

குவார்ட்டர்ஸ் என்பது வேலை உள்ளவரைதான். தாத்தா ஓய்வு பெற்றதும் வீட்டைக் காலி செய்து, கிள்ளானில் ஒரு தாமானில் வரிசை வீட்டுக்குப் போனோம். லோரியில் கட்டிலும் பாத்திரமும் ஏறிய பிறகு அப்பாயி இரண்டு கோணிப்பை மண்ணை ஏற்றினார். லோரிக்காரர் சிரித்தார். அது பாசத்துக்காக எடுத்த மண்ணல்ல, உறைமோர். புதிய இடத்து மண்ணில் புழுவும் பூஞ்சையும் பிடிக்க, வாழும் மண் கொஞ்சம் வேண்டும் என்பது அவர் கணக்கு.

கிள்ளான் மண் வேறு சாதி. மேலே எங்கிருந்தோ கொண்டுவந்து கொட்டிய செம்மண், தோண்டினால் கடல் வண்டல், சாம்பல் நிறக் களி. ஈரமாக இருக்கும்வரை சும்மா இருக்கும். வடிகால் வெட்டி அது காய்ந்து காற்றுப் பட்டால், உள்ளிருக்கும் கந்தகம் அமிலமாக மாறும். வைக்கோல் நிறத்தில் திட்டுத் திட்டாகப் படிவு தெரியும். அந்தப் புளித்த மண்ணில் கீரை மஞ்சளாகி நின்றுவிட்டது. அப்பாயி கீழே தோண்டுவதை நிறுத்தினார். மேட்டுப் பாத்தி போட்டார். தேங்காய் மட்டை, வாழைமரம், அக்கம்பக்கத்துச் சருகு, மேலே பிரிக்பீல்ட்ஸ் மண். அடுப்புச் சாம்பலும் முட்டை ஓட்டுத் தூளும் கொஞ்சம் சுண்ணாம்பும் புளிப்பை அடக்கின. அந்த வயதிலும் முதலிலிருந்து மண் கட்டத் தொடங்கி, முருங்கை காய்க்கும்வரை இருந்து பார்த்துவிட்டுத்தான் போனார்.

பிரிக்பீல்ட்ஸ் ரயில் நிலத்தில் 2001இல் கேஎல் சென்ட்ரல் திறந்தது. குவார்ட்டர்ஸும் இடிபட்டுவிட்டது. அப்பாயி கட்டிய மண் ஏதோ ஓர் அடித்தளப் பள்ளத்தோடு அள்ளிப்போகப்பட்டிருக்கும். இதற்கிடையே செட்டெம் அமைப்பு சுங்கை பூலோவில் இயற்கைப் பண்ணை நடத்திக் காட்டியது. பினாங்குப் பயனீட்டாளர் சங்கம் வீட்டுத் தோட்டமும் மண்புழு எருவும் கற்றுக்கொடுத்து வருகிறது. ஆகவே முறை தெரியவில்லை என்று இன்று யாரும் சொல்ல முடியாது.

ஆனாலும் கிள்ளான் பள்ளத்தாக்கின் தாமான்களில் நடப்பது வேறு. சருகைக் கறுப்புப் பையில் கட்டிக் குப்பை லோரிக்குக் கொடுக்கிறோம். காய்கறித் தோலையும் அதோடு அனுப்புகிறோம். சனிக்கிழமை நர்சரிக்குப் போய், பிளாஸ்டிக் பையில் அடைத்த கறுப்பு மண்ணைக் காசு கொடுத்து வாங்கி வருகிறோம். மூன்று மாத மழையில் அது கரைந்துபோனதும் மறுபடி வாங்குகிறோம். இந்தச் செலவு தேவையே இல்லை. தரையை ஒருநாளும் வெறுமையாக விடாதீர்கள், சருகாவது கிடக்கட்டும். வீட்டில் அறுத்ததும் உரித்ததும் உதிர்ந்ததும் வீட்டு மண்ணுக்கே போகட்டும். பாத்தி சும்மா இருக்கும் நாளில் ஒரு பிடி பயறு விதைத்து, பூக்கும் முன் அறுத்துப் போடுங்கள். இவற்றை விடாமல் செய்யுங்கள், ஏனென்றால் நம் மழையும் வெயிலும் விடுமுறை எடுப்பதில்லை. வாடகை வீடுதானே, நாளைக்குக் காலி செய்ய வேண்டியதுதானே என்று தள்ளிப்போட வேண்டாம். அப்பாயியின் பெயரில் கடைசிவரை ஒரு சதுர அடி நிலம்கூட இருந்ததில்லை.